கேமராவா, பட்டறையா, கைபேசி மன்றமா: டெல்டாப் பள்ளிகளில் திரைப்படக் கல்விக்கு எந்த வழி?

மாணவர்களுக்குப் படம் எடுக்கவும் படங்களைக் கூர்ந்து பார்க்கவும் கற்றுத்தர வேண்டும் என்று ஒரு பள்ளி தீர்மானித்தால், அடுத்த கூட்டத்திலேயே பேச்சு கேமராவின் விலைக்குப் போய்விடுகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியையோ அரசு உதவி பெறும் பள்ளியையோ எடுத்துக்கொள்வோம். முன்னாள் மாணவர்கள் ஒரு லட்சம் ரூபாய் திரட்டித் தர முன்வந்திருக்கிறார்கள், தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் எதிர்ப்பு இல்லை. அந்தப் பணத்தில் நல்ல கேமரா ஒன்று வாங்கலாம். சென்னையிலிருந்து பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்து மூன்று நாள் பட்டறை நடத்தலாம். திரையிடல் மன்றத்தைச் சீராக நடத்தலாம். கைபேசியும் மைக்கும் வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் இயங்கும் மன்றம் ஒன்றைத் தொடங்கலாம். ஊடகவியலைப் பாடமாகவே சேர்க்க வழி உண்டா என்றும் பார்க்கலாம். இவற்றை எடைபோட்டுப் பார்க்கையில், திரையிடலை அடித்தளமாகக் கொண்டு ஆண்டு முழுவதும் இயங்கும் கைபேசி மன்றமே டெல்டாப் பள்ளிகளுக்குப் பொருந்தும் என்பது என் முடிவு. செலவு குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இந்த மண்ணின் ஆண்டுச் சுழற்சியில் இருக்கிறது.

முதலில் கேமராவைப் பார்ப்போம். லென்ஸை மாற்றிப் பொருத்தத்தக்க தொடக்கநிலை மிரர்லெஸ் கேமரா ஒன்று, உடன் வரும் லென்ஸோடு, ஏறக்குறைய 50,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. டிரைபாட், மைக், கூடுதல் பேட்டரி, மெமரி கார்டுகள், படத்தொகுப்புக்குத் தாங்கும் ஒரு கணினி ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு லட்சம் போதாமலும் போகலாம். கேமராவின் நன்மைகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒளியை வாங்கிப் பதியும் அதன் பெரிய சென்சார், கோயில் பிராகாரத்தின் மங்கிய ஒளியிலும் மாலை விளக்கொளியிலும் கைபேசியால் எட்ட முடியாத தெளிவைத் தருகிறது. ஒளி நுழையும் துளையின் அளவு, ஒளி விழும் நேரத்தைக் குறிக்கும் ஷட்டர் வேகம், ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதைத் தனித்தனியே திருகிப் பார்த்துக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல கருவி இல்லை. ஒளிப்பதிவையே தொழிலாகக் கொள்ள விரும்பும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு, சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் வாசலை மிதிப்பதற்கு முன்பே இந்த அடிப்படை கைவந்திருப்பது பெரும் பலம்.

ஆனால் கேமரா ஒன்று. மாணவர்கள் முப்பது பேர். ஒருவர் கையில் அது இருக்கும் நேரத்தில் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகி விடுகிறார்கள், விலை உயர்ந்த பொருள் என்பதால் அது தலைமையாசிரியர் அறையின் பீரோவுக்குள் போகிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே மன்றம் இயங்கத் தொடங்குகிறது. டெல்டாவின் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்காக மூடிவைக்கப்படும் லென்ஸில் பூஞ்சை படிவது மிக எளிது. ஒருமுறை படிந்துவிட்டால் முழுமையாக நீக்குவது கடினம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, அந்தப் பொட்டலங்களை அவ்வப்போது மாற்றிவர ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க ஆள் இல்லாத பள்ளி கேமரா வாங்கக் கூடாது. தேவைப்படும் ஓரிரு நாட்களுக்கு ஊரில் உள்ள ஸ்டூடியோவிலிருந்து வாடகைக்கு எடுத்துக்கொள்வதே மேல்.

பட்டறையைப் பற்றிய என் தயக்கம் இதைவிட ஆழமானது. மூன்று நாள் பட்டறை தரும் உற்சாகம் உண்மையானது. வகுப்பில் வாய் திறக்காத மாணவி ஒருத்தி அங்கே வசனம் எழுதுவாள். படிப்பில் பின்தங்கியவன் என்று பெயரெடுத்த மாணவன் ஒளியின் திசையை மற்றவர்களுக்கு முன்பே கவனித்துச் சொல்வான். ஒரு படத்தை எப்பாடுபட்டாவது முடித்துத் திரையில் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியும் நல்ல ஆசிரியர்தான். ஆனால் அந்த நெருக்கடியே கதையையும் தீர்மானித்துவிடுகிறது. மூன்றாம் நாள் மாலைக்குள் முடிய வேண்டிய படம், பள்ளி வளாகத்துக்குள்ளேயே எடுக்கத்தக்கதாக, கடைசிக் காட்சியில் ஓர் அறிவுரையைச் சொல்வதாக, பயிற்சியாளர் வேறு ஊர்களிலும் எடுத்துப் பழகிய அச்சில் வார்க்கப்பட்டதாகவே அமைந்துவிடுகிறது. படத்தொகுப்பைப் பயிற்சியாளர் தம்முடைய லேப்டாப்பிலேயே இரவோடு இரவாகச் செய்து முடிக்கிறார். மாணவர்கள் கற்க வேண்டிய மிக முக்கியமான பகுதி அவர்கள் உறங்கும்போது நடந்துவிடுகிறது. எந்த ஷாட்டை விட வேண்டும், எதை நீட்ட வேண்டும், எதை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று வாதிடுவதில்தான் ஒரு மாணவர் தாம் என்ன சொல்ல நினைத்தோம் என்பதையே கண்டுகொள்கிறார். அந்த வாதத்துக்கு மூன்று நாட்களில் இடமே இல்லை.

இங்குதான் டெல்டாவின் ஆண்டுச் சுழற்சி முடிவைத் தீர்மானிக்கிறது. பள்ளி ஆண்டும் பாசன ஆண்டும் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய சேர்ந்தே தொடங்குகின்றன. மேட்டூர் அணை திறப்புக்கு வழக்கமாகக் குறிக்கப்படும் நாள் ஜூன் 12. அணையின் நீர் இருப்பைப் பொறுத்து அது தள்ளிப்போவதும் உண்டு. அங்கிருந்து கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கடைமடை ஊர்களின் வாய்க்கால்களைத் தொடுவதற்கு மேலும் பல நாட்கள் ஆகின்றன. ஆடிப்பெருக்கு, குறுவை அறுவடை, சம்பா நடவு, மழை வெள்ளம், தை மாத அறுவடை, நேரடி கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு காத்திருப்பு என ஒவ்வொன்றும் தனக்குரிய மாதத்தில்தான் வரும். தன் வீட்டு வயலுக்குத் தண்ணீர் எப்போது வந்தது, வராதபோது வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைப் படமாக்க நினைக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு, ஜூன் மாதத்திலும் அக்டோபரிலும் ஜனவரியிலும் கையில் ஒரு கருவி இருக்க வேண்டும். எந்த மாதத்தில் நடத்தினாலும் மூன்று நாள் பட்டறைக்கு அந்த ஆண்டின் ஒரு துணுக்குதான் அகப்படும்.

விவசாயத்துக்கு மட்டும் பொருந்தும் கணக்கு அன்று இது. சுவாமிமலையில் ஒரு செப்புத்திருமேனி மெழுகில் உருவாகி, காவிரி வண்டல் மண் பூசப்பட்டு, காய்ந்து, மெழுகு உருகி வெளியேறி, உலோகம் வார்க்கப்பட்டு, பின்னர் உளியால் செதுக்கி முடிக்கப்படுகிறது. அதன் எல்லாக் கட்டங்களையும் பதிவுசெய்ய வாரக்கணக்கில் போய்வர வேண்டும். போய்வருவதற்கு இடையில்தான் அந்தச் சிற்பிக்கும் மாணவருக்கும் பழக்கம் ஏற்படும். முதல் நாள் கேமரா முன் விறைத்து உட்கார்ந்திருப்பவர், நான்காம் முறை போகும்போது அதை மறந்து வேலையைப் பார்ப்பார். ஆவணப்படத்தில் நாம் பார்க்க விரும்புவது அந்த நான்காம் நாளின் முகத்தைத்தான்.

எனவே கைபேசி மன்றம். அதற்கு உள்ள முதல் தடையை மறைக்காமல் சொல்ல வேண்டும்: மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பது நம் பள்ளிகளின் விதி, அது நியாயமான விதியும்கூட. மன்றத்தின் பெயரைச் சொல்லி அதைத் தளர்த்தினால் மன்றமே கெட்ட பெயரோடு மூடப்படும். பள்ளியின் பெயரில் மூன்று அல்லது நான்கு கைபேசிகள் வாங்கி, சிம் கார்டு போடாமல், பதிவேட்டில் கையொப்பமிட்டு வாங்கித் திருப்பித் தரும் முறையை வைத்துக்கொள்வதே சரியான வழி. ஆய்வகத்து நுண்ணோக்கிக்கு இருக்கும் அதே ஒழுங்கு இதற்கும் போதும். ஒன்று 12,000 முதல் 15,000 ரூபாய்க்குக் கிடைக்கும் கைபேசிகள் இந்த வேலைக்குப் போதுமானவை. முப்பது மாணவர்களைக் கைபேசிக்கு ஒன்றாக, ஏழு முதல் பத்துப் பேர் வரை கொண்ட குழுக்களாகப் பிரித்தால் எந்தக் குழுவும் வெறுங்கையோடு நிற்காது.

கைபேசியில் எடுப்பதால் தரம் குறையும் என்ற கவலைக்குப் பாதி விடை கருவியைச் சரியாகப் பயன்படுத்துவதில் இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 முறை அலைவது என்பதால், வினாடிக்கு 30 ஃபிரேம் (தனிப்படம்) என்ற அமைப்பில், 1/60 ஷட்டர் வேகத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்கும்போது படம் துடிப்பது போலத் தெரியக்கூடும். ஃபிரேம் வேகத்தை 25 ஆகவும் ஷட்டரை 1/50 ஆகவும் வைத்தால் அது நீங்கும். இதைக் கையால் அமைக்க உதவும் இலவசச் செயலிகள் உண்டு. தண்ணீர் நிற்கும் வயலில் வெயில் பட்டு மினுங்கும்போது கைபேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிட்டால் அந்தத் தடுமாற்றம் போய்விடும். முழு எச்.டி. தரத்தில் ஒரு நிமிடப் பதிவு பெரும்பாலான கைபேசிகளில் 100 முதல் 150 எம்.பி. வரை இடம் பிடிக்கும் என்பதால், ஒவ்வொரு படப்பிடிப்புக்குப் பின்னும் கோப்புகளை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, நாள், இடம், எடுத்தவர் பெயர் என்று குறித்துவைக்கும் மாணவர் ஒருவரை நியமிக்க வேண்டும். அந்தப் பொறுப்பில் இருப்பவர்தான் பெரும்பாலும் நல்ல படத்தொகுப்பாளராக வளர்கிறார்.

மீதிப் பாதி விடை ஒலியில் இருக்கிறது. பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்று கேட்டால் நான் முதலில் சுட்டுவதும் அதைத்தான். சற்றே மங்கிய படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், பேச்சு புரியாத படத்தைவிட்டு இரண்டே நிமிடத்தில் எழுந்துபோய்விடுவார். மேல்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் திறந்த வயலில் கைபேசியின் மைக்கை நம்பி எடுத்த பேட்டியில் காற்றின் இரைச்சல்தான் மிஞ்சும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பி இணைப்புள்ள காலர் மைக், அதன்மேல் போர்த்தப் பஞ்சுத் துணி ஒரு துண்டு, பேசுபவரின் முதுகு காற்றின் பக்கம் இருக்கும்படி உட்காரவைக்கும் கவனம் ஆகிய மூன்றும் அந்தப் படத்தைக் காப்பாற்றிவிடும். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரத்தைப் பற்றிப் படம் எடுக்க விரும்பும் குழுவுக்கு நேர் எதிரான சிக்கல் வரும். நாகசுரத்தின் ஓங்கிய ஒலி அருகில் வைத்த மைக்கில் சிதைந்து பதியும்; கைபேசியோ தானாக ஒலியளவைத் தாழ்த்தி உயர்த்தி வாசிப்பின் ஏற்ற இறக்கத்தையே தட்டையாக்கிவிடும். தள்ளி நின்று, ஒலியளவைக் கையால் குறைத்து வைத்து, பயிற்சிப் பதிவு ஒன்று எடுத்துக் கேட்டுப் பார்த்த பிறகே உண்மையான பதிவுக்குப் போக வேண்டும்.

ஒலியைப் பற்றிப் பேசும்போது, பலர் பட்டியலிலேயே சேர்க்காத இன்னொரு வழியையும் இங்கே வைக்க விரும்புகிறேன். முதல் ஆண்டு ஒலி நிகழ்ச்சிகளை மட்டுமே தயாரிப்பது என்று ஒரு பள்ளி முடிவெடுக்கலாம். தஞ்சை மண்ணில் இதற்கு நல்ல முன்வரலாறு இருக்கிறது. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. 1960-களில் ஆடுதுறை-27 நெல் ரகத்தைப் பற்றி வானொலி வழியாக அறிந்து பயிரிட்ட தஞ்சை விவசாயிகள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். ஒரு பாட்டியிடம் நடவுப் பாட்டைக் கேட்டுப் பதிவுசெய்து, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வாக்கியம் எழுதிச் சேர்த்து, ஐந்து நிமிட நிகழ்ச்சியாகக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபரப்ப ஒரே ஒரு கைபேசியும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளும் போதும். மின்சாரமும் கணினியும் சீராக இல்லாத கடைமடைப் பள்ளிக்கும், நன்கொடையாளர் எவரும் கிடைக்காத பள்ளிக்கும் இதுதான் முதல் படி என்று தயங்காமல் சொல்வேன். கேட்கப் பழகிய மாணவர், பின்னர் காட்சியைத் தொகுக்கும்போதும் பேச்சை மூச்சுவிடும் இடத்தில் வெட்டத் தெரிந்தவராக இருப்பார்.

திரையிடலைத் தனி வழியாக அல்லாமல் அடித்தளமாகக் கொள்ள வேண்டும் என்றேன். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிட்டு உரையாடும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கான நேரமும் திரையும் பல பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. பள்ளியின் செயல்பாடாக, மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர் ஆகியோருக்கு மட்டும் படம் காட்டுவதை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் அனுமதிக்கிறது. ஊர்ப் பொதுவில் திரை கட்டிக் காட்டுவதற்கு அந்த விலக்கு செல்லாது. இங்கிலாந்தில் ஊடகவியலை இடைநிலைப் பள்ளிப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே ஜி.சி.எஸ்.இ. எனப்படும் இடைநிலைப் பள்ளித் தேர்வின் ஊடகவியல் பாடத்தில் மாணவர் தாமே தயாரிக்கும் படைப்புக்கு 30 விழுக்காடும், எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடும் ஒதுக்கப்பட்டுள்ளன. அதாவது, பிறர் எடுத்ததைப் பகுத்துப் பார்ப்பதற்கே அங்கு மிகுந்த எடை. அந்த விகிதத்தை நாம் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரு செய்திக் காணொலியில் கேமரா எங்கே நின்றது, யாரிடம் மைக் நீட்டப்பட்டது, யாரிடம் நீட்டப்படவில்லை என்று கேட்கத் தெரியாத மாணவரின் கையில் கருவியைக் கொடுத்தால், தாம் பார்த்துப் பழகிய ரீல்ஸையே அவர் திரும்ப எடுப்பார். மாதம் ஒரு படம், அதில் ஒரே ஒரு காட்சியை மூன்று முறை ஓடவிட்டுப் பேசுவது என்ற அளவே போதும்.

பாடமாகச் சேர்க்கும் வழி பெரும்பாலான டெல்டாப் பள்ளிகளுக்குத் திறந்திருக்கவில்லை. சி.பி.எஸ்.இ. வாரியத்தில் 11, 12-ஆம் வகுப்புகளுக்கு வெகுசன ஊடகவியல் ஒரு திறன் பாடமாக இருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 60, செய்முறைக்கு 40 மதிப்பெண். மதிப்பெண் உண்டு என்பதால் பெற்றோரின் எதிர்ப்பு தணியும் என்பது இதன் பெரிய வசதி. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ உள்ள சி.பி.எஸ்.இ. பள்ளி இதை ஆராய்ந்து பார்க்கலாம். மாநிலப் பாடத்திட்டப் பள்ளி இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேரளத்தின் அனுபவம் இதைவிட நமக்கு நெருக்கமானது. அங்கே ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் தொழில்நுட்ப மன்றங்கள் 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்குகின்றன. ஒவ்வொரு பள்ளியிலும் அதற்கெனப் பயிற்சி பெற்ற இரண்டு ஆசிரியர்கள் பொறுப்பேற்கிறார்கள். மென்பொருள்கள் எல்லாம் யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள்கள். இரண்டு ஆசிரியர்கள் என்பதுதான் அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய கூறு. ஒரே ஆசிரியரை நம்பித் தொடங்கிய மன்றம் அவருடைய பணிமாறுதலோடு முடிந்துபோகும்.

அந்த ஆசிரியர்களுக்குத் துணையாக வெளியூர் நிபுணரைத் தேடுவதற்கு முன், கடைத்தெருவைப் பார்க்க வேண்டும். மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் சீர்காழியிலும் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மண்டபத்து வெளிச்சத்தில் முகம் தெரிய எடுப்பது, தாலி கட்டும் நொடியைத் தவறவிடாமல் இருப்பது, மணிக்கணக்கான பதிவைச் சுருக்குவது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் அவர்களுக்கு ஓய்வும் உண்டு. சென்னைப் பயிற்சியாளருக்குத் தரும் பயணச் செலவும் தங்கும் செலவும் சேர்ந்த தொகையைப் பகுதி பகுதியாக இவர்களில் ஒருவருக்குத் தந்தால், மாதம் ஒரு முறை பள்ளிக்கு வருவார். கருவி பழுதானால் அன்று மாலையே போய்க் கேட்கலாம். அவர்களுடைய அழகுணர்வு கல்யாண ஆல்பத்தின் அழகுணர்வாக இருக்கும் என்ற குறை உண்மைதான். அதை ஈடுகட்டத்தான் திரையிடல் இருக்கிறது.

நேரத்தைப் பற்றிய முடிவு, கருவியைப் பற்றிய முடிவைவிடப் பலரை உள்ளே விடவோ வெளியே நிறுத்தவோ வல்லது. மன்றம் மாலை நேரத்தில் கூடினால், நாலேகாலுக்கு வரும் டவுன் பஸ்ஸை விட்டால் இருட்டிய பிறகே ஊர் போய்ச்சேர முடியும் என்ற நிலையில் உள்ள மாணவர்கள், குறிப்பாக மாணவிகள், விலகிவிடுவார்கள். மீதம் இருப்பவர்கள் பள்ளிக்கு அருகில் வசிக்கும் சில மாணவர்களாகவே இருப்பார்கள். பிறகு வயலைப் பற்றிய படத்தை வயல் இல்லாதவர்கள் எடுக்க வேண்டியிருக்கும். வாரம் ஒரு பாடவேளையை மன்றத்துக்கு ஒதுக்கி, படப்பிடிப்பை மாணவர்களின் ஊரிலேயே விடுமுறை நாளின் காலை வெளிச்சத்தில் வைத்துக்கொள்வதே இதற்கு வழி. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளைச் சேர்க்காமல் எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளிலிருந்து எடுத்தால், தை அறுவடையின்போது பொதுத்தேர்வு குறுக்கிடாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அனுமதி விஷயத்தில் தளர்ச்சி கூடாது. படத்தில் வரும் ஒவ்வொரு மாணவரின் பெற்றோரிடமிருந்தும் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். பள்ளிக்குள் காட்டுவதற்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் தனித்தனியே கேட்க வேண்டும். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைப் பற்றி மாணவர்கள் படம் எடுக்க விரும்பினால், பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் எவ்வகையிலும் வெளிப்படுவதை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தடுக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் டிரைபாட் வைத்து எடுப்பதற்கு முன் அனுமதி வேண்டும். திரைப்படப் பாடலைப் பின்னணியில் சேர்ப்பதைத் தொடக்கத்திலிருந்தே தவிர்த்துவிட்டு, பள்ளியில் பாடவும் பறை அடிக்கவும் தெரிந்தவர்களிடம் கேட்பது நல்லது.

ஒரு லட்சம் ரூபாயை நான் இப்படிப் பிரிப்பேன்: கைபேசிகளுக்கு ஏறக்குறையப் பாதி, மைக், டிரைபாட், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றுக்கு 20,000, உள்ளூர் ஒளிப்பதிவாளரின் மாத வருகைக்கு 15,000, மீதி மாணவர்களின் போக்குவரத்துக்கும் ஆண்டு இறுதித் திரையிடலுக்கும். படத்தொகுப்புக்குப் பள்ளியின் ஹைடெக் ஆய்வகக் கணினிகள் தாங்குமா என்பதை ஒரு நிமிடக் கோப்பை கேடன்லைவ் அல்லது ஷாட்கட் என்ற இலவசப் படத்தொகுப்பு மென்பொருளில் ஓட்டிப் பார்த்துச் சோதித்த பிறகே பணத்தைச் செலவிடத் தொடங்க வேண்டும். தாங்காவிட்டால் கைபேசி ஒன்றைக் குறைத்து, பயன்படுத்திய லேப்டாப் ஒன்று வாங்கலாம்.

இந்த முடிவு மாறக்கூடிய இடங்களும் உண்டு. பொறுப்பேற்க இரண்டு ஆசிரியர்கள் கிடைக்காத பள்ளி, மன்றம் தொடங்காமல் திரையிடலையும் ஒலி நிகழ்ச்சியையும் மட்டும் நடத்தட்டும். இரண்டு ஆண்டுகள் மன்றத்தை விடாமல் நடத்திய பள்ளியில், கைபேசியால் முடியாததை விரும்பும் மாணவர்கள் உருவாகியிருப்பார்கள். அப்போது கேமரா வாங்குவது நியாயம், எதை வாங்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். பட்டறைக்கு உரிய நேரம் நவம்பர். பாதிப் பதிவுகள் கையில் இருக்கும். மழையால் வெளியே போக முடியாது. வரும் பயிற்சியாளர் புதுக் கதை எதையும் தொடங்காமல், மாணவர்கள் எடுத்துவைத்திருப்பதை அவர்களோடு உட்கார்ந்து தொகுக்கலாம்.